யூக்கலிப்டஸ் ஞானாபரணமியை

அது சீகை மரம் தம்பி, வேரோட சாஞ்சு ரோட்டுக்குக் குறுக்க கிடக்கு. நீங்க பஸ்ஸுக்குள்ளயே உக்காருங்க. எட்டி எட்டிப் பாத்தா மட்டும் சீக்கிரம் வெட்டிடுவாங்களா? இந்தக் கோத்தகிரி ரோட்டுல கோடை மழை சேந்தாப்புல பேஞ்சா இது ஒண்ணு உண்டு. மெஷின் வாள் வந்துருச்சு, சத்தம் கேக்குதில்ல. துண்டு போட்டு ஓரமா உருட்டி விட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. மேட்டுப்பாளையந்தானே? நானும் அங்கதான். எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல.

ஒண்ணு கவனிச்சீங்களா. அந்த மரத்த அறுக்கறானே, யாராச்சும் வந்து, நில்லுப்பா, இது என்ன இனம், பேரு என்னன்னு கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க. என்கிட்ட கேட்டாங்க. வருஷக்கணக்கா கேட்டாங்க. சிரிக்கிறீங்க. நானும் இன்னொருத்தர் சொல்லிக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன்.

என் பேரு ஞானாபரணம். கோத்தகிரில வர்க்கி போடற பேக்கரில அடுப்புகிட்டயே நின்னு காலத்த ஓட்டினவன். முழங்கால் மக்கர் பண்ணினதும் வீட்டோட இருக்கேன். நீங்க கீழ யூக்கலிப்டஸ், தைல மரம்னு சொல்றீங்களே, எங்க மலையில அது கற்பூர மரம். அந்த விறகுதான் எங்க அடுப்புக்கு. அதனால அந்த மரம் எனக்கு ஒண்ணும் புதுசில்ல. பட்டை நீளமா உரிஞ்சு தொங்கும். இலையக் கசக்கினா அடைச்ச மூக்கு திறந்துக்கும். அதுக்கு மேல தெரிஞ்சுக்க என்ன இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

வீடு ஊருக்கு மேல, சரிவுல. என் சம்சாரம் புஷ்பத்தோட அப்பா கட்டினது. பெரியவளுக்கு வீடு, சின்னவ கிரேஸிக்கு நகைன்னு பிரிச்சுட்டுப் போனாரு. பத்திரம் புஷ்பம் பேருலதான். ஆனா கூரை மாத்தறது, சுவர் பூசறது, எல்லாம் நான்தான் பாத்தேன். அந்த வீட்டுக்குப் பின்னால மேட்டுல ஒரு மரம். எங்க மாமனாருக்கும் முந்தி எவனோ வெள்ளக்காரன் நட்டது. ரெண்டு ஆளு கை கோத்தாலும் பிடிபடாது. நேரா நிக்காம எங்க கூரைப் பக்கமாவே சாஞ்சு நிக்கும், ஏதோ ஒட்டுக் கேக்கற மாதிரி.

போன வருஷத்துக்கு முந்தின ஆடி. காத்து தெரியுமில்ல எங்க ஊர்ல. புஷ்பம் குளிச்சுட்டு வெளிய வந்து தலை துவட்டிக்கிட்டு நின்னா. ஒரு கிளை ஒடிஞ்சு குளியலறை கூரை மேல இறங்குச்சு. தண்ணி அண்டா சப்பையாப் போச்சு. அவ துண்டும் கையுமா அப்படியே நின்னா. "ஏங்க, இத வெட்டிடுங்க"ன்னா. அவ்வளவுதான். அவ அதிகம் பேசற பொம்பளை இல்ல தம்பி. நாந்தான் பேசுவேன்.

எங்க மலையில உங்க இஷ்டத்துக்கு மரத்துல கைவைக்க முடியாது. சொந்த நிலத்துல இருந்தாலும் அனுமதி வேணும். மனு எழுதினேன், வீட்டுக்காரின்னு அவ கையெழுத்துப் போட்டா. பாரஸ்டர் வந்தாரு. கற்பூர மரம்னா ஒண்ணும் சிக்கல் இல்ல, வெளிநாட்டு மரந்தானே, சீக்கிரம் கொடுத்துடுவாங்கன்னு சொல்லிட்டே மேட்டுல ஏறினாரு. ஏறினவரு மரத்தச் சுத்திச் சுத்தி வந்தாரு. "இது கற்பூர மரம் மாதிரி இல்லையே"ன்னாரு.

நான் சொன்னேன், "சார், பழைய மரம் சார். வயசானா நமக்கே தோல் மாறுதில்ல."

"கீழ பாருங்க, பட்டை உரியவே இல்ல. மெத்து மெத்துன்னு கனமா ஒட்டிக்கிட்டு இருக்கு. மேல பாத்தா வழவழன்னு வெள்ளையா இருக்கு. இலையிலயும் வாசனை கம்மி. நான் கற்பூர மரம்னு எழுதிக் கொடுத்து, நாளைக்கு இது வேற ஏதாவது அபூர்வ மரம்னு ஆச்சுன்னா என் வேலை போயிடும்."

இனம் தெரியவில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. ஆபீசுக்குப் போனா, தெரியாத மரத்த வெட்டச் சொல்ல முடியாது, தாவரவியல் படிச்சவங்க யாராச்சும்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. நான் எங்க போவேன்? எங்க சபை பாஸ்டரக் கேட்டேன். அவரு யாரு யாரையோ கேட்டு கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல இருந்து மெஹருன்னிசா மேடத்தப் பிடிச்சுக் கொடுத்தாரு.

மேடம் ஆவணியில வந்தாங்க. சின்ன உருவம், காலுக்குப் பெரிய பூட்ஸ். நீளக் கம்புல கத்தி கட்டிக் கொண்டுவந்து கிளைய அறுத்து, பேப்பருக்கு நடுவுல வெச்சு அழுத்திக் கட்டினாங்க. மரத்தடியில குனிஞ்சு காய் பொறுக்கினாங்க. நான் கூடவே நின்னேன். அவங்களுக்கு வர்க்கியும் டீயும் புஷ்பம்தான் கொண்டுவந்து கொடுத்தா. கொடுத்துட்டு, "மேடம், பேரு அப்புறம் பாத்துக்கலாம். வெட்டலாமான்னு மட்டும் சொல்லுங்க"ன்னா.

மேடம் சிரிச்சாங்க. "வெட்டலாம்மா. யூக்கலிப்டஸ்தான், அதுல சந்தேகமே இல்ல. இப்பவே எழுதிக் கொடுக்கறேன், உங்க ஆபீசுக்கு அது போதும்."

புஷ்பம் உள்ள போயிட்டா, அடுப்புல ஏதோ இருந்துச்சு. மேடம் மரத்த நிமிந்து பாத்துக்கிட்டே என்கிட்ட சொன்னாங்க. "யூக்கலிப்டஸ்ல எழுநூறு வகைக்கு மேல இருக்கு சார். நம்ம ஊருக்கு வந்தது கொஞ்சம்தான். இது அதுல எதுலயும் சரியா உக்கார மாட்டேங்குது. பூத்து ஒரு தடவை பாத்துட்டா போதும். மொட்டு மேல ஒரு தொப்பி இருக்கும், பூக்கறப்ப அது கழண்டு விழும். அந்தத் தொப்பியோட அளவு, உருவம், அதுலதான் பாதி விஷயமே இருக்கு. ஒருவேளை இதுவரைக்கும் யாருமே பேரு வைக்காத மரமாக்கூட இருக்கலாம்."

"பேரு வைக்காததுன்னா?"

"புதுசா வைக்கணும். ஊரு பேரு வைக்கலாம். கண்டுபிடிக்க உதவி பண்ணினவங்க பேரு வைக்கலாம். நம்ம பேரை நாமே வெச்சுக்கிற வழக்கம் இல்ல. உங்க பேரு என்ன சார்?"

சொன்னேன். எழுதிப் பாத்தாங்க. ஆம்பிளை பேருன்னா லத்தீன்ல கடைசியில ஒரு மாதிரி இழுக்குமாம். யூக்கலிப்டஸ் ஞானாபரணமியை. வாய்விட்டுப் படிச்சாங்க. தம்பி, என் பேரை அதுவரைக்கும் பேக்கரில ஞானம், ஏ ஞானம்னுதான் கூப்பிட்டிருக்காங்க. முழுசா எங்கப்பாகூடக் கூப்பிட்டதில்ல.

அப்புறம் அவங்களே, "பொம்பளை பேருன்னா 'ஏ'ங்கற எழுத்துல முடியும். அம்மா பேரு புஷ்பம்தானே? புஷ்பமே. கூப்பிடற மாதிரியே இருக்கு பாருங்க, அழகா இருக்கில்ல"ன்னாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மரத்துக்காக அலையறது யாரு? நாந்தானே. அவ மரத்துப் பக்கம்கூட வர மாட்டா.

அப்ப மேடம் கேட்டாங்க, பூக்கற வரைக்கும் பொறுக்க முடியுமா சார்ன்னு. படிச்சவங்க, அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்க, வாய்விட்டுக் கேக்கறாங்க. எப்படி முடியாதுன்னு சொல்றது? நீங்களா இருந்தா சொல்வீங்களா? நான் என்ன பண்ண முடியும். சரிங்கன்னேன்.

புஷ்பம் கேட்டா, எழுதிக் கொடுத்தாங்களான்னு. ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்களாம், பூக்கணுமாம்னேன். ஆபீஸ்னா அப்படித்தானே. அவளும் மேல கேக்கல. மரத்துக்கு நேர் கீழ இருக்கிற படுக்கையறையில இருந்து கட்டில அடுப்படிக்கு இழுத்துப் போட்டுக்கிட்டா.

பஸ் எடுத்துட்டான் பாருங்க. ஜன்னல மூடிக்கோங்க, சாரல் அடிக்குது.

அந்த மரம் லேசுல பூக்கல. கார்த்திகை போச்சு, தை போச்சு. நான் தினமும் காலையில மேட்டுல ஏறி அண்ணாந்து பாப்பேன். முழங்கால் வலியோட. பேக்கரிப் பசங்க, என்ன ஞானம், உங்க மரம் வயசுக்கு வந்துருச்சான்னு கேலி பண்ணுவானுங்க. பண்ணட்டும். ஆராதனையில பாஸ்டர் சொன்னாரு, நம்ம சபை மனுஷர் ஒருத்தர் பேரு உலகப் புஸ்தகத்துல ஏறப்போகுதுன்னு. ஒரு பத்திரிகைக்காரப் பையன் வந்து போட்டோ எடுத்தான். பட்டை மேல கைவெச்சு நிக்கச் சொன்னான். பர்ஸ்ல வெச்சிருக்கேன், பாருங்க. பின்னால ஜன்னல் தெரியுதா? அதுக்குள்ளதான் புஷ்பம் இருந்தா. கூப்பிட்டேன், வரல.

சித்திரைக் கடைசியில மொட்டு விட்டுச்சு. கொத்துக் கொத்தா, ஒவ்வொண்ணும் சின்னக் கொம்பு மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு. மேடத்துக்குப் போன் பண்ணினேன். மறுநாளே வந்துட்டாங்க. பூவுக்கு இதழே இல்ல தம்பி. தொப்பி விழுந்ததும் உள்ள இருந்து வெள்ள நூலா விரியுது, பவுடர் பூசற பஞ்சு மாதிரி. மேடம் ஒரு தொப்பியக் கையில வெச்சு உருட்டி உருட்டிப் பாத்தாங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. கல்கத்தாவுல தாவர ஆராய்ச்சி பண்ற இடத்துக்கு அனுப்பினாங்க, ஆஸ்திரேலியாவுக்கு இலையும் காயும் போச்சு. அங்க பெட்டி பெட்டியா நூறு இருநூறு வருஷத்து இலையெல்லாம் காய வெச்சு வெச்சிருக்காங்களாம். முதல்ல பேரு வெச்சவரு பாத்த அதே இலை. அதோட ஒட்டி வெச்சுப் பாத்தாதான் இது அதுவா இல்லையான்னு சொல்ல முடியும்னாங்க.

பூத்தாச்சு, பாத்தாச்சு, இனி வெட்டலாம்னுதான் நானும் ஆபீசுக்குப் போனேன். பொய் சொல்லல. போனேன். அங்க இருந்த அதிகாரி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "பேப்பர்ல வந்த மரந்தானே? ஆராய்ச்சியில இருக்கிற மரத்த வெட்ட யாரு சார் அனுமதி கொடுப்பா? பேரு முடிவாகட்டும், வாங்க"ன்னாரு. நான் எவ்வளவோ சொன்னேன், சார், கூரை மேல நிக்குது சார்னு. "பேரு தெரியாம எப்படி சார்?" அதையே திரும்பத் திரும்பச் சொன்னாரு. பாருங்க, இப்படி ஒரு மனுஷன் எங்கதான் போறது? எல்லாக் கதவும் சாத்தினா?

அடுத்த ஆடி வந்துருச்சு. மேடம் இன்னொரு தடவை விதை எடுக்க வந்திருந்தாங்க. போகும்போது வாசல்ல நின்னு புஷ்பத்தோட கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்க வீட்டுக்காரரு ரொம்பப் பெரிய மனசும்மா. நான் அன்னைக்கே சான்று எழுதிக் கொடுக்கறேன்னு சொன்னேன். வேண்டாம், பூக்கற வரைக்கும் பொறுத்துக்கறேன்னு சொன்னாரு. வேற யாராவதா இருந்தா அன்னைக்கே வெட்டிச் சாச்சிருப்பாங்க."

நல்ல மனசோட சொன்னாங்க. புஷ்பமும் சரிங்க மேடம்னுதான் சொன்னா. முகத்துல ஒண்ணும் காட்டல. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு போட்டா, வழக்கம்போல குழம்பு ஊத்தினா. அதுக்கப்புறம் என்கிட்ட மரத்தப் பத்திப் பேசவே இல்ல. நானும், பழகிட்டாப் போலன்னு நினைச்சேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் ரெண்டாவது கிளை விழுந்துச்சு. படுக்கையறை கூரையப் பிச்சுக்கிட்டு, முந்தி கட்டில் இருந்த இடத்துல, தரையில குத்தி நின்னுச்சு. அவ அடுப்படியில இருந்தா, நான் வாசல்ல இருந்தேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. கர்த்தர் காப்பாத்தினாருன்னு முழங்கால் போட்டேன். எந்திரிச்சுப் பாக்கறேன், அவ துணி மடிச்சுக்கிட்டு இருக்கா.

"எங்க போறே?"

"கிரேஸி வீட்டுக்கு."

"சரி, காத்து அடங்கற வரைக்கும் இருந்துட்டு வா. பயமாத்தான் இருக்கும்."

அவ பெட்டிய மூடிட்டு என்னைப் பாத்தா. "நான் மரத்துக்குப் பயந்து போகல"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. அப்ப எதுக்குப் பயந்து போறே? கேட்டேன். பெட்டியத் தூக்கிக்கிட்டுப் படி இறங்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது விளங்கல. கூரைய உடைச்சுது மரம், கட்டில் இருந்த இடத்துல குத்துச்சு மரம், அப்புறம் மரத்துக்குப் பயப்படலைன்னா என்ன அர்த்தம்? பொம்பளைங்க கோவத்துல எதையாவது சொல்லுவாங்க. நீங்க கல்யாணம் ஆனவரா? ஆனா தெரியும்.

கிறிஸ்துமசுக்குக்கூட வரல. நான் கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கிட்டு, அடுப்படியில அவ படுத்த இடத்துல படுத்துக்கிட்டேன். வேற எங்க போறது? கீழ மேட்டுப்பாளையத்துக்கு, எங்க வீட்டுக்கே நீங்களும் வாங்கன்னு கிரேஸி கூப்பிட்டா. ஆஸ்திரேலியாவுல இருந்து எப்ப பதில் வருமோ, அந்த நேரம் வீடு பூட்டியிருந்தா? மரத்த யாரு பாத்துக்கறது?

பொங்கல் கழிச்சு மேடம் வந்தாங்க. கம்பு இல்ல, கத்தி இல்ல. கையில ஒண்ணுமில்லாம வந்து வாசப்படியில உக்காந்தாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

"சார், அது புதுசு இல்ல சார்."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். கையில வெச்சுக்கிட்டே இருந்தாங்க, குடிக்கல. ரெண்டு வகை கலந்து பிறந்த மரமாம். ஒண்ணு ரோபஸ்டாவாம், பட்டை அதுமாதிரி. இன்னொண்ணு எனக்கு வாயில நுழையாது, கொம்பு மாதிரி தொப்பி அதோடதாம். அந்த ஊர்லயும் இதே மாதிரி அங்கங்க கலந்து முளைச்சிருக்காம். அதுல ஒண்ணப் பாத்துட்டு எப்பவோ ஒருத்தரு தனிப் பேரும் வெச்சுட்டாராம். அப்புறம் வந்தவங்க, இது தனி இனமே இல்ல, ரெண்டோட கலப்புன்னு சொல்லி அந்தப் பேரையும் தள்ளி வெச்சுட்டாங்களாம்.

"அப்ப நம்ம மரத்துக்கு என்னன்னு எழுதுவீங்க?"

"ரெண்டு பேரையும் எழுதி நடுவுல பெருக்கல் குறி போடுவோம் சார்."

"அதுக்கப்புறம், கடைசியில, கொஞ்சம் இடம் இருந்தா..." கேக்கும்போதே எனக்கு வெக்கமா இருந்துச்சு தம்பி. ஆனா கேட்டேன்.

"முடியாது சார். இந்தக் கலப்புக்குன்னு பேரு வேணும்னா, முதல்ல அவரு வெச்ச பேருதான் செல்லும். அது தப்பா எழுதியிருந்தாக்கூட அதுதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவங்கள என்னன்னு கோவிச்சுக்கறது? அவங்களுந்தான் அத்தனை தடவை மலை ஏறினாங்க. அவங்களுக்கும் ஒரு பேரு கிடைச்சிருக்கும், முதல்ல கண்டுபிடிச்சவங்கன்னு. போச்சு. ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தோம். அது பாட்டுக்கு நிக்குது. போகும்போது உள்ள எட்டிப் பாத்துட்டு, "அம்மா எங்க சார்?"ன்னாங்க. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவான்னேன்.

இப்ப அனுமதி வந்தாச்சு தம்பி. பேரு முடிவாயிடுச்சில்ல, ஆபீஸ்ல ஒரு வார்த்தை பேசாம கொடுத்துட்டாங்க. வெட்ட ஆளும் சொல்லி வெச்சாச்சு. வீடு அவ பேருல இருக்கறதால, அனுமதிப் பேப்பர்ல புஷ்பத்தோட கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஆடிக்கு முன்னாடி வெட்டியாகணும். இந்தத் தடவை விழுந்தா கிளை விழாது, மரமே விழும்னு ஆளுங்க சொல்றாங்க, வேர்ப்பக்கம் மண்ணு விட்டிருக்காம்.

மாசியில ஒரு தடவை அவளப் பாக்கப் போனேன். நல்லாத்தான் பேசினா. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கறீங்களான்னு கேட்டா. மீன் குழம்பு வெச்சுப் போட்டா. பின்பக்கம் ஒரு ரூம் கொடுத்திருக்கா கிரேஸி. அதுல புதுசா ஒரு கட்டில் கிடந்துச்சு. தையல் மெஷினையும் ஆளு விட்டு இறக்கியிருக்கா. ஜன்னலுக்கு அவளே திரை தைச்சுப் போட்டிருக்கா. சபையக்கூட அங்க மாத்திக்கிட்டாளாம், பாட்டுக் குழுவுல பாடறாளாம். எங்க சபையில அவ பாடி நான் கேட்டதே இல்ல. நாலு நாள் தங்கப் போற இடத்துக்கு எதுக்குக் கட்டில்? கேட்டா கோவிச்சுக்குவான்னு கேக்கல. ஒத்தைக் கட்டில் தம்பி.

பேப்பர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எடுக்கல. கிரேஸி பிள்ளைங்க எல்லாம் சுத்தி இருந்தாங்க. அவ முகத்துல ஒரு மாதிரி நிம்மதி வேற இருந்துச்சு, அந்த நேரத்துல மரம், கையெழுத்துன்னு எதுக்கு. அடுத்த தடவை பாத்துக்கலாம்னு வந்துட்டேன். கையெழுத்துப் போட்டுட்டான்னா மரம் போயிடும். மரம் போயிட்டா வீட்டுக்கு வராம இருக்க அவளுக்குக் காரணம் ஒண்ணுமில்ல. வந்துதான் ஆகணும். சரிதானே நான் சொல்றது?

ஏன் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

கீழ இறங்கிட்டோம் போல, வெக்கை அடிக்குது. சுவெட்டரக் கழட்டணும். அதோ தெரியுதில்ல மஞ்சள் கட்டடம், அதுக்கு அடுத்த நிறுத்தந்தான் கிரேஸி வீடு. இல்ல இல்ல, விசில் அடிக்க வேண்டாம். கண்டக்டரக் கூப்பிடாதீங்க, போகட்டும். ஸ்டாண்டுல இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு மெதுவா நடந்து வந்துடறேன். போன வாரமும் அப்படித்தான் நினைச்சேன். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கோத்தகிரி பஸ் வந்து நின்னுச்சு, சீட்டு வேற காலியா இருந்துச்சு, ஏறிட்டேன். அதுக்கு முந்தின வாரமும்.

நீங்க ஸ்டாண்டுல எந்தப் பக்கம் போறீங்க?